தொட்டுப் பார்த்ததிலிருந்து கேட்டறிந்தது வரை: லினக்ஸ் டிரைவர்கள் பஸ் தலைமுறையை அறிந்த வரலாறும் கேரள எல்லைப் பள்ளிக் கணினிகளும்

முன்னுரை

கேரளத்துக்குள் தமிழ் பேசும் எல்லைப் பகுதிகளில் இரண்டு பெரியவை. ஒன்று பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வரை நீளும் சமவெளி. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களில் தேயிலையும் ஏலமும் விளையும் மலை. இரண்டிலும் தமிழ்வழி வகுப்புகள் நடக்கின்றன. கேரள அரசின் ஐசிடி பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் வருகிறது. அந்தப் பாடத்தை நடத்தும் கணினி அறைகளில் ஓடுவது லினக்ஸ்.

பள்ளிக் கணினி அறை ஒரே நாளில் நிரம்புவதில்லை. திட்டத்தில் சில, எம்எல்ஏ நிதியில் சில, நன்கொடையாகச் சில என்று ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இரண்டு கணினிகளின் மதர்போர்டுகளுக்கு இடையே பத்தாண்டு இடைவெளி இருக்கலாம். இயங்குதளம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. பள்ளி ஐடி ஒருங்கிணைப்பாளர், ஆசிரியர்கள் வாய்வழக்கில் 'எஸ்ஐடிசி', ஒரே பென் டிரைவை ஒவ்வொரு கணினியிலும் செருகி நிறுவிக்கொண்டே போகிறார். தான் எந்தப் பஸ்மேல், எந்தத் தலைமுறைமேல் ஏறியிருக்கிறோம் என்பதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் தானாகவே கண்டுகொள்ள வேண்டும்.

அது எப்படிக் கண்டுகொள்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். செயலிக்கும் லேன் கார்டு, கிராபிக்ஸ் கார்டு போன்ற உறுப்புகளுக்கும் இடையே தரவு ஓடும் வழியைப் பாடநூல்கள் 'பாட்டை' என்கின்றன. கடைத்தெருவில் அது 'பஸ்'. அதன் தலைமுறையை அறியும் முறை தொட்டுப் பார்த்தல், பெயர் கேட்டல், திறன் கேட்டல், உடன்பாட்டைக் கேட்டல் என நான்கு கட்டங்களாக வளர்ந்தது. 'ஜென் 2', 'ஜென் 3' என்று விற்பனைப் பெட்டியின்மேல் பளிச்சென்று அச்சாகும் தலைமுறை எண் சிலிக்கானுக்குள் எந்த ஓரிடத்திலும் அப்படியே எழுதப்பட்டிருப்பதில்லை. உறுப்புகளை இயக்கும் மென்பொருளான டிரைவர்களைத் திறமூலமாக எழுதியவர்கள் அந்த எண்ணைத் தேடுவதைக் கைவிட்டு, 'உன்னால் என்ன முடியும், இப்போது என்ன ஒப்புக்கொண்டிருக்கிறாய்' என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஒரே கெர்னல் பல தலைமுறை வன்பொருளில் நம்பிக்கையாக ஓடியது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. தொட்டுப் பார்த்த காலம்

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த 8 பிட் பஸ், 1984இல் ஐபிஎம் ஏடி கணினியில் 16 பிட்டாக விரிந்தது. பின்னாளில் ஐஎஸ்ஏ என்று பெயர் பெற்ற இந்தப் பஸ்ஸில், செருகிய கார்டு தன்னை அறிவித்துக்கொள்ள வழியே கிடையாது. கார்டு எந்த உள்ளீட்டு எண்ணில், அதாவது போர்ட்டில், பதில் சொல்லும் என்பதை அதன்மேல் இருக்கும் ஜம்பர் ஊசிகளை மாற்றி மனிதரே அமைத்தார். டிரைவருக்கு இருந்த ஒரே வழி, வழக்கமான போர்ட் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பதில் வருகிறதா என்று கவனிப்பது.

எண்ணற்ற நிறுவனங்கள் நகலெடுத்து விற்ற என்ஈ2000 வகை லேன் கார்டுக்கு டொனால்ட் பெக்கர் எழுதிய லினக்ஸ் டிரைவர் இந்தக் காலத்தின் நல்ல சான்று. பதினாறடிமான எண்ணில் 300, 280, 320, 340, 360 என்ற போர்ட்களின் பட்டியல் அதில் இருந்தது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, பதில் சொன்ன கார்டின் முகவரி நினைவகத்தைப் படிக்கும். அதில் 14, 15ஆம் பைட்டுகளில் பதினாறடிமான 57, 57 என்று இருந்தால் அது என்ஈ2000. அந்த இரண்டு பைட்டுதான் அதற்கு அங்க அடையாளம், உடம்பிலுள்ள மச்சம் மாதிரி.

நகல் கார்டுகளில் பல அந்த மச்சத்தைக்கூட ஒழுங்காக நகலெடுக்கவில்லை. ஆகவே 'மோசமான நகல்கள்' என்ற பெயரிலேயே இன்னொரு பட்டியல் டிரைவருக்குள் சேர்ந்தது. அதிலும் அகப்படாத கார்டுக்கு, 'அடையாளம் சரியில்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்' என்று பயனரே சொல்லும்படி ஒரு வழி விட்டார்கள். அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு, பதினாறடிமான எழுத்துகளில் 'பேட்' என்ற ஆங்கிலச் சொல்லாக அமைந்த ஓர் எண்.

தொட்டுப் பார்ப்பதில் ஆபத்தும் இருந்தது. லேன் கார்டு இருக்கும் என்று நினைத்து ஒரு போர்ட்டைத் தொட்டால், அங்கே வேறொரு கார்டு உட்கார்ந்திருந்து, தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொண்டு கணினியையே உறையச் செய்துவிடும். 'இந்த இடத்தைத் தொடாதே' என்று கெர்னலுக்குத் துவக்கத்திலேயே சொல்லிவைக்கும் வசதி அதனால்தான் வந்தது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த மைக்ரோ சேனல், 1988இன் ஈஐஎஸ்ஏ, 1993இன் பிளக் அண்டு பிளே ஐஎஸ்ஏ ஆகியவை கார்டைப் பேசவைக்க முயன்றன. மைக்ரோ சேனலுக்கான ஆதரவை லினக்ஸ் 2012இல் முற்றிலும் நீக்கியது.

2. பெயர் சொல்லும் பஸ்

1992இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ பஸ் இந்த நிலையைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு பிசிஐ உறுப்பும் 256 பைட் நீளமுள்ள ஓர் 'அமைவு வெளி'யைச் சுமக்க வேண்டும் என்பது விதி. அதன் முதல் இரண்டு பைட்டு தயாரிப்பாளரின் எண்; அடுத்த இரண்டு பைட்டு உறுப்பின் எண். ஒரு பஸ்ஸில் 32 இடம், ஓரிடத்தில் 8 செயற்பாடு வரை இருக்கலாம். கெர்னல் வரிசையாக எல்லா இடங்களையும் கேட்டுக்கொண்டே போகும். ஆள் இல்லாத இடத்திலிருந்து எல்லா பிட்டும் ஒன்றாகவே திரும்பி வரும். அப்படியொரு எண் எந்தத் தயாரிப்பாளருக்கும் வழங்கப்படவில்லை என்பதால் 'இங்கே யாரும் இல்லை' என்பதற்கு அதுவே பதில். தட்டினால் கணினி உறைந்துபோகும் பயம் போயிற்று.

1995இல் வந்த லினக்ஸ் 1.2 காலத்திலேயே பிசிஐ ஆதரவு இருந்தது. மார்ட்டின் மாரெஷ் எழுதிய பிசிஐ கருவித்தொகுப்பு, இந்த எண்களை மனிதர் படிக்கும் பெயராக மாற்றிக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையைத் தந்தது. 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில் டிரைவர் எழுதும் முறையே மாறியிருந்தது. டிரைவர் தானாகப் போய்த் தேடுவதில்லை. தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலைக் கெர்னலிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். பொருத்தமான உறுப்பு கண்ணில் பட்டால் கெர்னல் அழைக்கும். 2003 டிசம்பரின் 2.6 கெர்னலில் இந்த ஒப்படைப்பு எல்லாப் பஸ்ஸுக்கும் பொதுவான அமைப்பாகியது.

பெயர் தெரிந்தால் போதுமா? போதாது என்பதற்கு ரியல்டெக் 8139 நல்ல உதாரணம். விலை மலிவான இந்தப் பிசிஐ லேன் சிப்பு இந்தியக் கடைகளில் எங்கும் கிடைத்தது. சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் மலையில் இடி இறங்கும் இடுக்கி போன்ற மாவட்டத்தில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. கேபிள் வழியே ஏறும் மின்னழுத்தத்தில் மதர்போர்டோடு வந்த லேன் போய்விட்டால், காலியாக இருக்கும் பிசிஐ ஸ்லாட்டில் ஒரு 8139 கார்டைச் செருகி வேலையை நடத்துவது பழுது பார்ப்பவர்களின் வழக்கம்.

தயாரிப்பாளர் எண்ணும் உறுப்பு எண்ணும் மாறாமல், உள்ளே வேறு விதமாக வேலை செய்யும் '8139சி பிளஸ்' என்ற சிப்பையும் ரியல்டெக் விற்றது. லினக்ஸில் முதலாவதுக்கு ஒரு டிரைவர், இரண்டாவதுக்கு மற்றொரு டிரைவர். இரண்டின் பட்டியலிலும் அதே எண்கள்தான் இருக்கும். ஆகவே அமைவு வெளியிலுள்ள 'திருத்த எண்' என்ற மூன்றாவது தடயத்தை இரண்டும் பார்க்கின்றன. அது பதினாறடிமானத்தில் 20 அல்லது அதற்குமேல் இருந்தால் பிளஸ் வகை. தவறான டிரைவர் முதலில் ஏறிவிட்டால், 'இது என்னுடையது இல்லை, அவரைக் கேளுங்கள்' என்று மற்றதன் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு விலகிக்கொள்ளும். ஒரே வீட்டுப் பெயருடைய இரண்டு பேருக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் செய்யும் வேலை இது.

3. திறன் கேட்கும் காலம்: ஏஜிபி தந்த பாடம்

1998இல் வந்த பிசிஐ 2.2 விவரக்குறிப்பில் 'திறன் பட்டியல்' என்ற அமைப்பு முறைப்பட்டது. அமைவு வெளியின் நிலைப் பதிவகத்தில் ஒரு பிட் எரிந்தால் பட்டியல் உண்டு என்று பொருள். பதினாறடிமான 34 என்ற இடத்தில் பட்டியலின் தலைமுகவரி இருக்கும். ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டு திறனின் எண். இரண்டாவது பைட்டு அடுத்த பதிவு எங்கே என்ற குறிப்பு. மின்சேமிப்புக்கு 1, கிராபிக்ஸ் கார்டுக்கென வந்த ஏஜிபி பஸ்ஸுக்கு 2, பிசிஐ-எக்ஸுக்கு 7, பிசிஐ எக்ஸ்பிரஸுக்குப் பதினாறடிமான 10.

ரேடியான் கிராபிக்ஸ் கார்டுகளின் டிரைவர் இதை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறது என்று பார்க்கலாம். கார்டில் ஏஜிபி திறன் இருந்தால் அது ஏஜிபி கார்டு. இல்லையென்றால் எக்ஸ்பிரஸ் திறன் உண்டா என்று கேட்கும். அதுவும் இல்லையென்றால் பழைய பிசிஐ. எந்த ஆண்டில் வந்த மாடல், பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. ரியல்டெக்கின் கிகாபிட் லேன் டிரைவரான ஆர்8169, பிசிஐயில் வரும் 8169 சிப்பையும் எக்ஸ்பிரஸில் வரும் 8168 சிப்பையும் ஒன்றாகவே நடத்த முடிந்ததும் இதே காரணத்தால்தான்.

ஆனால் ஏஜிபியே இந்த முறையின் எல்லையையும் காட்டியது. அதன் நிலைப் பதிவகத்தில் கடைசி மூன்று பிட்டுகள் வேகத்தைச் சொல்லும். முதல் இரண்டு பதிப்புகளில் அவற்றின் பொருள் 1 மடங்கு, 2 மடங்கு, 4 மடங்கு. 2002இல் வந்த மூன்றாம் பதிப்பில் நான்காவது பிட் ஒன்று எரிந்தால், அதே முதல் பிட்டுக்கு 4 மடங்கு என்றும் இரண்டாவது பிட்டுக்கு 8 மடங்கு என்றும் பொருள். அந்த நான்காவது பிட்டைப் பார்க்காத டிரைவர் 8 மடங்கை 2 மடங்கு என்று படித்துவிடும். ஆக, டிரைவருக்குத் தலைமுறை தேவைப்பட்ட ஒரே இடம் இது: எதிரில் இருப்பது சொல்லும் பதிலை எந்த அகராதியை வைத்துப் படிப்பது என்று தீர்மானிக்கும் இடம். பிந்தைய எல்லாப் பஸ்ஸுக்கும் இந்தப் பாடம் பொருந்தியது.

4. அதே ஆண்டுகளில் கேரளம்

2.4 கெர்னல் வெளியான 2001ஆம் ஆண்டில்தான் கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டமும் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டதும் அந்த ஆண்டு ஜூலையில். தனியுரிம மென்பொருளோடு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. எஸ்எஸ்எல்சி மாணவரின் ஐடி செய்முறைத் தேர்வும் லினக்ஸிலேயே நடந்தது.

இந்த மாற்றம் நடந்த ஆண்டுகளும், மதர்போர்டில் பிசிஐயும் ஏஜிபியும் மறைந்து எக்ஸ்பிரஸ் ஏறிய ஆண்டுகளும் ஒன்றே. முதலில் வாங்கிய கணினியில் ஏஜிபி ஸ்லாட். சில ஆண்டு கழித்து வாங்கியதில் எக்ஸ்பிரஸ். இரண்டும் ஒரே அறையில். பெயர் கேட்கும் முறையும் திறன் கேட்கும் முறையும் கெர்னலுக்குள் முன்பே முதிர்ந்திருக்காவிட்டால், ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனி டிரைவர் குறுவட்டு தேடி எஸ்ஐடிசிகள் அலைய வேண்டியிருந்திருக்கும். கொழிஞ்சாம்பாறைக்காரர் கோயம்புத்தூருக்குப் போய் வாங்கிவிடலாம். இடுக்கி மலையிலுள்ள வட்டவடைக்காரருக்கு மலை இறங்கி ஏறவே ஒரு நாள் போய்விடும்.

2017இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக உருமாறியது. ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போயின. 2019 மே மாதம் உபுண்டு 18.04 லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பதிப்பை வெளியிட்டபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது நிறுவப்படும் என்று கைட் அறிவித்தது. உபுண்டு 18.04 முதலில் சுமந்துவந்த கெர்னல் 4.15.

பாலக்காட்டுக்கு இதில் உற்பத்திப் பக்கமும் உண்டு. வாளையார் தாண்டியதும் வரும் கஞ்சிக்கோட்டில் 1976 முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் செய்துவந்த பொதுத்துறை நிறுவனமான ஐடிஐ, இன்டெலோடு சேர்ந்து வடிவமைத்த 'ஸ்மாஷ்' லேப்டாப்பையும் மைக்ரோ பிசியையும் விற்கிறது. கைட்டின் டெண்டர்களில் பன்னாட்டு நிறுவனங்களோடு போட்டியிட்டு அது வென்ற செய்தி 2023இல் வந்தது. எக்ஸ்சேஞ்சு காலத்தில் எந்தக் கார்டு எந்த அடுக்கில் என்று செய்தவருக்கே தெரியும். பிசி காலத்தில் செய்தவர் யார், செருகியவர் யார் என்பது கெர்னலுக்குத் தெரியாது. அது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

5. எக்ஸ்பிரஸ்: எண் ஒன்று, வேகம் வேறு

பிசிஐ எக்ஸ்பிரஸின் முதல் பதிப்பு 2002இல் வந்தது. ஒரு தடத்துக்கு நொடிக்கு 2.5 ஜிகா டிரான்ஸ்ஃபர். 2007இல் இரண்டாம் பதிப்பு 5 ஆக்கியது. 2010இல் மூன்றாவது, 10 ஆக்காமல் 8 ஆக்கி, குறியீட்டு முறையை மாற்றியது. முன்பு 8 பிட் தரவை அனுப்ப 10 பிட் செலவானது. இப்போது 128 பிட்டுக்கு 130. அதனால் வேக எண் இரண்டு மடங்காகாமலேயே தரவு ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. 2017இல் 16, 2019இல் 32, 2022இல் 64 என்று எண் ஏறியது.

இந்தத் தலைமுறையை டிரைவர் எங்கே படிக்கிறது? ரியல்டெக் 8168 லேன் சிப்பின் அமைவு வெளிக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். இங்கே இட எண்கள் எல்லாம் பதினாறடிமானம். 34ஆம் இடத்தில் உள்ள குறிப்பு 40க்கு அனுப்புகிறது. அங்கே மின்சேமிப்புத் திறன். அது 50க்கு அனுப்புகிறது. அங்கே குறுக்கீட்டுச் செய்தித் திறன். அது 70க்கு அனுப்புகிறது. அங்கே பதினாறடிமான 10 என்ற எண். எக்ஸ்பிரஸ் கிடைத்துவிட்டது. அதை ஒட்டியே ஒரு பதிப்பு எண்ணும் இருக்கிறது. பல 8168 சிப்புகளில் அதன் மதிப்பு 2.

அனுபவமில்லாதவர் இங்கேயே நின்று 'இது ஜென் 2' என்று முடிவு கட்டிவிடுவார். அது தவறு. அந்த 2 சொல்வது திறன் அமைப்பின் வடிவப் பதிப்பை மட்டுமே. மூன்றாம் தலைமுறை வந்த பிறகும் அந்த எண் 2ஆகவே நீடித்தது. வேகத்தை அறிய இன்னும் 12 பைட்டு தள்ளி, பதினாறடிமான 7சி என்ற இடத்திலுள்ள இணைப்புத் திறன் பதிவகத்துக்குப் போக வேண்டும். அதன் கடைசி நான்கு பிட்டில் 1 என்று இருக்கிறது: 2.5 ஜிகா டிரான்ஸ்ஃபர், முதல் தலைமுறை வேகம். அடுத்த ஆறு பிட்டில் 1: ஒரே தடம். வடிவம் இரண்டாவது, வேகம் முதலாவது, இரண்டும் ஒரே சிப்பில். 'எக்ஸ்பிரஸ்' போர்டு மாட்டிக்கொண்டு எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் பேருந்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

மூன்றாம் பதிப்பு இன்னொரு பதிவகத்தைச் சேர்த்தது. ஆதரிக்கும் வேகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என்று அதில் பட்டியலே இருக்கும். பழைய சிப்புகளில் அந்த இடம் சுழியம், அல்லது அமைப்பில் அந்தப் பதிவகமே கிடையாது. லினக்ஸின் இன்றைய பொதுச் செயற்கூறு முதலில் புதிய பட்டியலைப் படிக்கிறது. அதில் ஒன்றும் இல்லையென்றால் பழைய நான்கு பிட்டுக்குத் திரும்புகிறது. 2012இல் 3.7 கெர்னலில் சேர்ந்த பொது அணுகற் செயற்கூறுகளால், பதிப்பு 1 வடிவமுள்ள சிப்பிடம் இல்லாத பதிவகத்தைக் கேட்டால் கெர்னலே சுழியம் தந்துவிடும். அதற்குமுன் ஒவ்வொரு டிரைவரும் இதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஏஜிபி கற்பித்த அகராதிப் பாடம் இங்கே ஓரிடத்தில் எழுதப்பட்டு, எல்லாருக்கும் பொதுவாயிற்று.

6. உடன்பாட்டைக் கேட்டல்

கார்டின் திறன் தெரிந்துவிட்டால் அந்த வேகத்தில் ஓடுமா? ரேடியான் டிரைவரின் அனுபவம் இதற்கு விடை. 2011இல் அதில் இரண்டாம் தலைமுறை வேகத்துக்கு மாறும் வசதி சேர்ந்தது. சில மதர்போர்டுகளில் சிக்கல் வந்ததால், விரும்புகிறவர் தாமே இயக்கிக்கொள்ளட்டும் என்று அது அணைத்தே வைக்கப்பட்டது. கார்டு ஒப்புக்கொண்டாலும் மறுமுனையில் இருக்கும் ஸ்லாட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

2012இல் கிராபிக்ஸ் டிரைவர்களுக்கான பொதுப் பகுதியில் ஒரு செயற்கூறு வந்தது. அது கார்டைக் கேட்பதை விட்டு, கார்டு தொங்கும் மேல்முனையைக் கேட்டது. வியா, சர்வர்வொர்க்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் சிப்செட் என்றால் கேட்காமலேயே 'வேண்டாம்' என்றது. பதிவகம் சொல்வதை நம்ப முடியாது என்று அனுபவம் சொன்ன இடத்தில், பெயர் பார்த்து விலக்கும் பழைய முறை மீண்டும் தலைகாட்டியது. என்ஈ2000 நகல்களின் பட்டியலுக்கு இது பேரன் முறை. பிறகு இந்த வேலை கிராபிக்ஸ் பகுதியிலிருந்து பிசிஐயின் பொதுப் பகுதிக்கே போய்விட்டது.

2018இல் வந்த 4.17 கெர்னல் இன்னும் ஒரு படி மேலே ஏறியது. உறுப்பிலிருந்து தொடங்கி, வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பின் வேகத்தையும் அகலத்தையும் பார்த்துக்கொண்டே மேல்முனை வரை ஏறுகிறது. எல்லாவற்றிலும் குறைந்ததைக் கிடைக்கும் திறனாகக் கணக்கிடுகிறது. எந்த இணைப்பு மட்டுப்படுத்துகிறது என்பதையும் பதிவேட்டில் எழுதுகிறது. தேனியிலிருந்து மூணாறு போகும் வண்டிக்குச் சமவெளியில் எத்தனை வழிச்சாலை இருந்தாலும், போடிமெட்டு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள்தான் நேரத்தைத் தீர்மானிக்கும். வண்டியின் வேகமானியை மட்டும் பார்த்து நேரம் சொல்கிறவர் ஏமாந்துபோவார்.

இன்னொரு கண்ணியும் உண்டு. கிராபிக்ஸ் கார்டுகள் பல வேலையில்லாதபோது மின்சாரம் மிச்சப்படுத்த இணைப்பை 2.5க்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் 'இப்போதைய வேகம்' என்ன என்று படித்தால் மூன்றாம் தலைமுறைக் கார்டு முதல் தலைமுறையாகத் தெரியும். இப்போதைய வேகம், அதிகபட்ச வேகம் ஆகிய இரண்டையும் 4.13 கெர்னல் முதல் தனித்தனிக் கோப்புகளாகக் காட்டுவது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. எஸ்ஐடிசி நிறுவிய 18.04இன் கெர்னலிலும் இந்தக் கோப்புகள் இருந்தன.

யூஎஸ்பியிலும் இதே கதை. 1996இல் 1.0, 2000இல் 2.0, 2008இல் 3.0. ஒவ்வொரு உறுப்பின் விவரப் பதிவிலும் பதிப்பு எண் உண்டு. ஆனால் '2.00' என்று சொல்லும் கீபோர்டு நொடிக்கு 1.5 மெகாபிட்டில் ஓடலாம். பதிப்பு எண் சொல்வது எந்த விதிப்புத்தகத்தைப் பின்பற்றுகிறது என்பதை மட்டுமே. உண்மையான வேகத்தைச் சொல்வது கம்பி: இரண்டு தரவுக் கம்பிகளில் எதை மின்தடை மேலிழுக்கிறது, மீட்டமைக்கும்போது அதிவேகக் கீச்சொலிச் சமிக்ஞை வருகிறதா என்பதை ஹப் கவனித்து அறிகிறது. லினக்ஸ் 'பதிப்பு', 'வேகம்' என இரண்டு தனிக் கோப்புகளை வைத்திருப்பதன் நியாயம் இதுதான்.

7. பேசாத பஸ் மீண்டும்

வரலாறு நேர்கோட்டில் போவதில்லை. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் 2014, 2015 வாக்கில் 'லேர்ன் டு கோட்' திட்டத்தில் பள்ளி மாணவருக்கு ராஸ்பெரி பை பலகைகளைக் கொடுத்தது. ஒரே சிப்புக்குள் எல்லாம் அடங்கிய அத்தகைய பலகையின் உள் பஸ்கள் ஐஎஸ்ஏ போலவே ஊமை. எந்த உறுப்பு எந்த முகவரியில் என்று கேட்டறிய வழியில்லை. தொட்டுப் பார்க்கும் காலத்துக்குத் திரும்பாமல் லினக்ஸ் வேறொரு வழியை எடுத்தது. 'சாதன மரம்' என்ற விவரக் கோப்பில் பலகையின் வரைபடத்தை முன்கூட்டியே எழுதிக் கெர்னலிடம் கொடுத்துவிடுவார்கள். ஜம்பர் ஊசி செய்த வேலை கோப்புக்கு மாறியது.

2019இன் ராஸ்பெரி பை 4 பலகைக்குள் யூஎஸ்பி 3 சிப்பை இணைக்க ஒரு தட எக்ஸ்பிரஸ் வந்தது. 2023இன் பை 5 அதற்கு வெளியே ஒரு இணைப்பானும் கொடுத்தது. அதன் வழக்கமான வேகம் இரண்டாம் தலைமுறை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் மூன்றாம் தலைமுறைக்கு ஏறும். ஆனால் அந்த வேகத்துக்குச் சான்றிதழ் இல்லை, இணைப்பு நிலையாக இல்லாமல் போகலாம் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். இந்த ஓரிடத்தில் 'தலைமுறை' என்ற எண்ணை மனிதர் கையாலேயே எழுதுகிறார். எழுதினாலும் அது வேண்டுகோள்தான். மறுமுனை ஒப்புக்கொண்டால்தான் வேகம் ஏறும்.

முடிவுரை

ஐஎஸ்ஏ காலத்து டிரைவர் கார்டின் உடம்பிலுள்ள மச்சத்தைத் தேடியது. பிசிஐ காலத்தில் பெயரைக் கேட்டது. ஒரே பெயரில் இருவர் வந்தபோது திருத்த எண்ணைப் பார்த்தது. திறன் பட்டியல் வந்தபின் 'என்ன முடியும்' என்று கேட்டது. எக்ஸ்பிரஸ் காலத்தில் இருமுனையும் வழியும் சேர்ந்து என்ன ஒப்புக்கொண்டன என்று கேட்கிறது. புதிய கட்டம் வந்தபோது பழையது அழிந்துவிடவில்லை. சிப்செட்டைப் பெயர் பார்த்து விலக்கும் வரிகளும், பலகைக்கு வரைபடம் எழுதிக்கொடுக்கும் கோப்பும் பழைய கட்டங்களின் மறுபிறவிகளே.

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். டிரைவர் எழுதுபவருக்கு இதில் ஒரு விலக்கு தேவை. பதிலின் பொருளே தலைமுறையால் மாறும் இடத்தில், ஏஜிபியின் நான்காவது பிட்டைப்போல, மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். மற்ற இடங்களில் திறனையும் உடன்பாட்டையும் கேட்டாலே போதும். தனியுரிம டிரைவர் தான் விற்ற மாடல்களுக்கு மட்டும் எழுதப்பட்டால் பெயர்ப் பட்டியலே அதற்குப் போதும். தனக்குத் தெரியாத கணினியிலும், தான் எழுதப்பட்டபின் பிறந்த கணினியிலும் ஏற வேண்டிய திறமூலக் கெர்னலுக்குப் பெயர்ப் பட்டியல் ஒருபோதும் முழுமையாகாது.

தேவிகுளம் மலையிலோ சித்தூர்ச் சமவெளியிலோ ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியின் கணினி அறையில், பழைய டெஸ்க்டாப்பிலும் ஹைடெக் திட்டத்து லேப்டாப்பிலும் ஒரே பென் டிரைவிலிருந்து ஒரே இயங்குதளம் எழும்போது, இந்த நான்கு கட்டங்களும் சில நொடிக்குள் வரிசையாக நடந்து முடிகின்றன. எஸ்ஐடிசிக்கு இவற்றில் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாகக் காட்டும்படி இயக்கினால், 'இணைப்புத் திறன்' என்று ஒரு வரியும் 'இணைப்பு நிலை' என்று மற்றொரு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அந்த இரண்டு வரிகளும் ஒரே எண்ணைச் சொல்லாதபோது, இணைப்பு வேலையில்லாமல் வேகம் இறங்கியிருக்கவில்லை என்றால், பழுது எங்கே என்று தேடத் தொடங்கலாம்.